சுவர்க் கறையில் யானை பார்ப்பது எப்படி

மதுரையில் டிராயிங் மாஸ்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வகுப்பில் பிள்ளைகள் என்னிடம் அதிகம் கேட்ட கேள்வி, “சார், என்ன வரையறதுன்னே தெரியல.” நான் சொல்லி வந்த பதில், “வீட்டுக்குப் போய் பாத்ரூம் தரையைப் பாரு.”

சிரிப்பார்கள். ஆனால் மறுநாள் யாராவது ஒருத்தராவது ஏதாவது வரைந்துகொண்டு வந்துவிடுவார்கள். மொசைக் தரை போட்ட வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சிமென்ட்டில் பளிங்குச் சில்லுகளைக் கலந்து கொட்டித் தேய்த்த அந்தத் தரையில் ஒரு கிழவர், ஒரு கொக்கு, மூக்கு நீண்ட ஒரு ராஜா என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு ஊரைப் பார்க்கலாம். இப்போது வருகிற டைல்ஸில் அந்தச் சுகம் இல்லை. ஒரு டைலில் தெரிந்த கிழவர் நாலு டைல் தள்ளி அச்சு மாறாமல் மறுபடி உட்கார்ந்திருப்பார். மிஷினில் அடித்த டிசைன்.

மேகம், கறை, மரப்பலகையின் ரேகை, தோசை முறுகல் என்று எதிலாவது உருவம் தெரிவதற்குப் பேரிடோலியா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இது எல்லோருக்கும் தெரிகிற ஒன்றுதானே, இதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்று கேட்கலாம். முதல் உருவம் தெரிவதற்கு ஒன்றும் கற்க வேண்டாம், மூளை தானாகவே கொடுத்துவிடும். அதை ஓரமாக வைத்துவிட்டு அதே கறையில் இரண்டாவதையும் மூன்றாவதையும் பார்ப்பதற்குத்தான் பழக்கம் வேண்டும். முதலாவது ஊருக்கே தெரிவது. மூன்றாவது உங்களுக்கு மட்டும் தெரிவது. வரைவதற்கு லாயக்கானது அதுதான் என்பது என் கட்சி.

முதலில் முகம்தான் வரும்

எந்தக் கறையைப் பார்த்தாலும் முதலில் தெரிவது பெரும்பாலும் முகமாகத்தான் இருக்கும். மூளையின் அடிப்பக்கத்தில், நெற்றிப்பொட்டுக்கு உட்புறம் இருக்கிற பொட்டு மடலின் கீழே, முகம் என்றால் மிகவும் சுறுசுறுப்பாகிற ஒரு பகுதி இருக்கிறது. நான்சி கான்விஷர் என்ற மூளை ஆய்வாளரின் குழுவினர் 1997-இல் அதைப் பற்றி எழுதிய பிறகு அது பிரபலமாகிவிட்டது. முகம் போலத் தோன்றுகிற ஒரு பொருளைப் பார்த்தால்கூட ஏறக்குறைய 170 மில்லி நொடிக்குள் இந்தப் பகுதி விழித்துக்கொள்கிறது என்று பிறகு அளந்து பார்த்திருக்கிறார்கள். நாம் “அட, முகம்” என்று யோசிக்கத் தொடங்கும் முன்பே வேலை முடிந்துவிடுகிறது. ரீசஸ் குரங்குகளுக்கும் இப்படித் தெரிகிறதாம். ஆகவே முகம் தெரிந்ததற்காக நம் கற்பனையை நாமே மெச்சிக்கொள்ள வேண்டியதில்லை.

முகத்துக்கு மூளை கேட்பது மிகக் கொஞ்சம்: மேலே இரண்டு, கீழே ஒன்று. பிறந்த குழந்தைகூட, கனம் மேல்பாதியில் இருக்கிற வடிவத்தைத்தான் அதிக நேரம் பார்க்கிறது. இதைச் சோதிக்க உங்கள் வீட்டு ஸ்விட்ச் போர்டு போதும். நம் ஊர் மூன்று துளை பிளக் பாயின்ட்டில் பெரிய துளை மேலே, இரண்டு சின்னத் துளை கீழே. அதில் யாருக்கும் முகம் தெரிவதில்லை. அதையே போனில் படம் எடுத்துத் தலைகீழாகத் திருப்புங்கள். இரண்டு கண்ணும், ‘ஓ’ என்று திறந்த வாயுமாக ஒருத்தன் வந்து நிற்பான். அமெரிக்க பிளக் பாயின்ட்டில் மேலே இரண்டு கீறல், கீழே ஒரு துளை. அதனால்தான் அந்த ஊர்க்காரர்கள் வீட்டுச் சுவரெல்லாம் திகைத்துப்போன முகங்கள் என்று வேடிக்கை பேசுகிறார்கள். டென்மார்க் பிளக் பாயின்ட்டில் கீழ்த் துளை அரைவட்டம், அதனால் அது சிரிக்கும். மூன்று ஓட்டையை எந்தத் திசையில், என்ன வடிவத்தில் வைத்தோம் என்பதில்தான் இத்தனை வித்தியாசமும்.

கார், லாரி எல்லாம் இதே கணக்குதான். பழைய அம்பாசடருக்கு வட்டமான ஹெட்லைட், அதனால் சாதுவான முகம். இப்போது வருகிற கார்களுக்கு விளக்குகள் மூக்கை நோக்கிச் சரிந்து முறைக்கின்றன.

பயிற்சிக்கு முதல் வேலை, இந்த முகங்களை ஒரு நாள் முழுக்கப் பார்த்துத் தீர்ப்பது. சாவித் துவாரம், பை ஜிப், குடைமிளகாயை வெட்டிய பாதி, பால் குக்கர், கேஸ் அடுப்பின் திருகுகள். பார்த்து முடித்தால் அலுத்துவிடும். அலுக்க வேண்டும். அப்புறம்தான் கண் வேறு பக்கம் போகும்.

எந்தச் சுவர், எந்த நேரம்

எல்லாப் பரப்பும் உதவாது. நான் பார்த்தவரை, பல முறை சுண்ணாம்பு அடித்த பழைய சுவருக்கு ஈடில்லை. பொருக்கு உதிர்ந்த இடத்தில் உள்ளே இருந்த நீலம், அதற்கும் உள்ளே ஒரு பச்சை, கடைசியில் காரை என்று மூன்று நாலு நிறம் தானாகவே கிடைக்கும். ஓவியக்காரனுக்கு வெளிச்சம், நடு, நிழல் மூன்றும் அங்கேயே தயாராக இருக்கிறது. ஓதம் ஏறிய சுவர் அடுத்தது. கம்பத்து விளக்கடியில் பாசி பிடித்த மதில், தண்ணீர்த் தொட்டியின் வெளிப்புறம், கடப்பாக் கல்லில் ஓடுகிற வெள்ளைக் கோடு, தேக்குப் பலகையின் கணு எல்லாம் நல்லவை. சமையல் மேடை கிரானைட்டில் புள்ளிகள் சீராக இருப்பதால் கண் எங்கும் நிற்காமல் வழுக்கிவிடும். பெரிசும் சிறுசுமாக, அடர்ந்தும் வெளுத்தும் இருப்பதைத் தேடுங்கள்.

வெனீர் ஒட்டிய அலமாரிக் கதவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஒரே மரத்தில் சீவிய இரண்டு தாள்களைப் புத்தகம் விரித்ததுபோல் எதிரும் புதிருமாக ஒட்டியிருப்பார்கள். இடமும் வலமும் ஒரே மாதிரி இருப்பதால் நடுவில் கட்டாயம் ஒரு ஆந்தையோ ராட்சசனோ தெரியும். அதைப் பார்ப்பதில் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை, படுக்கைக்கு எதிரே இருந்தால் தூக்கம்தான் கெடும்.

நேரம்தான் முக்கியம். வெயில் நேராக விழுகிற உச்சிப் பொழுதில் சுவர் செத்துக் கிடக்கும். காலை ஏழு, ஏழரைக்கும் சாயங்காலம் ஐந்து மணிக்கும் வெளிச்சம் சுவரை உரசிக்கொண்டு போகும். அப்போது ஒவ்வொரு சின்ன மேடும் ஒரு நிழலை நீட்டும், உருவங்கள் எழுந்து வரும். வெயில் இல்லாத அறை என்றால் போன் டார்ச்சைச் சுவரோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடியுங்கள். கையை மெல்ல நகர்த்தினால் ஒரே சுவரில் ஒட்டகம் மறைந்து படகு வரும்.

இந்தச் சாய்ந்த வெளிச்சம் செய்த பெரிய வித்தை செவ்வாய்க் கிரகத்தில் நடந்தது. 1976 ஜூலை 25 அன்று வைக்கிங் 1 விண்கலம் செவ்வாயைச் சுற்றிக்கொண்டே சைடோனியா என்ற பகுதியைப் படம் எடுத்தது. சூரியன் தாழ்வாக இருந்த நேரம். ஒரு மேட்டின் ஒரு பக்கம் இருட்டில் முழுகி, மறுபக்கத்தில் கண்குழி, மூக்கு, வாய் எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. படத்தை அனுப்பும்போது விட்டுப்போன தகவலால் விழுந்த கரும்புள்ளிகளில் ஒன்று சரியாக மூக்குத் துவாரத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. நாசா படத்தை வெளியிடும்போதே இது வெளிச்சமும் நிழலும் செய்த வேலை என்று சொல்லிவிட்டது. யார் கேட்டார்கள்? வேற்றுக் கிரகத்தார் கட்டிய சிலை என்று வருடக்கணக்கில் பேச்சு ஓடியது. மார்ஸ் குளோபல் சர்வேயர் என்ற இன்னொரு விண்கலம் 1998-இலும் 2001-இலும் இன்னும் துல்லியமாக, வேறு வெளிச்சத்தில் எடுத்துக் காட்டியபோது அங்கே இருந்தது தேய்ந்துபோன ஒரு குன்று. நம் பயிற்சிக்கு இதில் இருக்கிற பாடம்: தாழ்ந்த வெளிச்சம் வேண்டும், தெளிவு கொஞ்சம் குறைவாக இருக்க வேண்டும்.

கண்ணை மங்க விடுவது

தெளிவைக் குறைக்க எளிய வழி, கண்ணாடி போடுகிறவர்கள் கழற்றிவிடுவது. இந்த ஒரு விஷயத்தில் கிட்டப்பார்வைக்காரர்களுக்கு அதிர்ஷ்டம். மற்றவர்கள் கண்ணைச் சுருக்கி இமை மயிர் வழியாகப் பார்க்கலாம். சில்லறை விவரமெல்லாம் கரைந்து பெரிய திட்டுகள் மட்டும் நிற்கும்.

இதைவிட அழகான ஒரு வழி சீனத்தில் 11-ஆம் நூற்றாண்டில் இருந்திருக்கிறது. சோங் டி என்ற ஓவியர், நிலக்காட்சி வரைவதில் உயிர் இல்லாமல் தவித்த இன்னொரு ஓவியருக்கு யோசனை சொன்னாராம்: இடிந்த பழைய சுவர் ஒன்றைப் பார், அதன்மேல் வெள்ளைப் பட்டுத் துணியை விரி, காலையும் மாலையும் துணி வழியாகச் சுவரையே பார்த்துக்கொண்டிரு. மேடெல்லாம் மலையாகும், பள்ளமெல்லாம் ஆறாகும், வெளிறிய இடம் கிட்டத்துக் கரை, இருண்ட இடம் தூரத்துச் சிகரம். அதற்குள் மனிதர்கள் நடமாடுவதும் பறவைகள் பறப்பதும் தெரிகிறவரை பார். பட்டுக்கு நான் எங்கே போவது? நைந்துபோன மல் வேட்டி ஒன்றை ஆணியில் மாட்டிப் பார்த்தேன். அபாரமாக வேலை செய்கிறது. துவைத்துத் துவைத்து மெலிந்த வேட்டிதான் சரி, புதுசு மறைத்துவிடும்.

துணியும் இல்லையென்றால் தள்ளி நில்லுங்கள். கறையின் அகலத்தைப் போல ஆறு ஏழு மடங்கு தூரம். போனில் பார்க்கிறவர்கள் படத்தைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றி, சின்னதாக்கிப் பாருங்கள்.

முதல் ஆளை வெளியே அனுப்புவது

சரி, இப்போது ஒரு உருவம் தெரிந்துவிட்டது. இனி அதைத் தவிர வேறெதுவும் தெரியாது. கல்லைக் கண்டால் நாயைக் காணோம் என்கிற கதைதான். மூளைக்கு ஒரு பதில் கிடைத்துவிட்டால் தேடலை நிறுத்திவிடும். அதை மறுபடி கிளப்பிவிட எனக்குக் கைகொடுத்த வழிகளைச் சொல்கிறேன்.

தெரிந்த உருவத்தின் கண் எதுவோ, அந்த இடத்தை விரலால் மறையுங்கள். கண் போனால் முகம் சரிந்துவிடும். மிச்சம் இருக்கிற தாடையும் காதும் வேறு எதற்கோ பாகமாகப் போய்ச் சேரும். சுவரில் என்றால் ஒரு சின்னக் காகிதத் துண்டை ஒட்டிக்கொள்ளலாம்.

அடுத்தது, கறையை விட்டுவிட்டு அதைச் சுற்றியிருக்கிற வெள்ளையைப் பார்ப்பது. பிள்ளைகளுக்கு இது வருவது கஷ்டம். கறைக்கும் கறைக்கும் நடுவில் விட்டுப்போன இடத்துக்கும் ஒரு வடிவம் உண்டு. எங்கள் மாடிச் சுவரில் எல்லோருக்கும் தெரிவது நாய்த்தலை. அதற்குப் பக்கத்து வெள்ளையில் தலையில் சும்மாடு வைத்த ஒரு பெண் போகிறாள். ஒரு தடவை தெரிந்துவிட்டால் நாய் பின்னால் போய்விடும்.

மூன்றாவது, அளவை மாற்றுவது. முகம் என்று பார்த்ததை ஊர் என்று பாருங்கள். மூக்கு ஒரு மலைச்சரிவு, நெற்றி ஒரு ஏரி. ஆகாயத்திலிருந்து பார்க்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு நல்ல படங்கள் அமைந்தது பெரும்பாலும் இந்த வழியில்தான்.

கடைசியாக, திருப்பிப் போடுவது. காகிதம் என்றால் சுலபம், சுவரைத் திருப்ப முடியாது; போன் படத்தைத் திருப்பலாம், அல்லது கட்டிலில் மல்லாந்து தலையைத் தொங்கவிட்டுப் பார்க்கலாம். வயசானவர்கள் வேண்டாம்.

திருப்பிப் பார்ப்பதற்கு வானத்திலேயே ஒரு இலவச ஏற்பாடு இருக்கிறது. பௌர்ணமி நிலாவில் தெரிகிற கருந்திட்டுகள் பழங்காலத்தில் எரிமலைக் குழம்பு பரவி உறைந்த சமவெளிகள். அவற்றில் நாம் வடை சுடும் பாட்டியையும் முயலையும் பார்க்கிறோம். சீனர்களுக்கும் ஜப்பானியர்களுக்கும் முயல்தான், கையில் உலக்கையோடு. ஐரோப்பியர்களுக்கு ஒரு மனுஷன். நம் ஊர் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் நிலா ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலேயே ஏறி அந்தப் பக்கம் இறங்குகிறது. ஆகவே சாயங்காலம் கிழக்கே எழும்போது காதைத் தூக்கிக்கொண்டு நிற்கிற முயல், விடியற்காலையில் மேற்கே இறங்கும்போது தலைகீழாக இருக்கும். அடுத்த பௌர்ணமியன்று இரவு ஏழு மணிக்கு ஒரு தரம் வரைந்து வையுங்கள். பால்காரர் வருகிற நேரத்துக்கு எழுந்து மொட்டை மாடிக்குப் போய், முயலை மறந்துவிட்டுத் தெரிவதை வரையுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஒரே நிலாவா என்று வீட்டில் கேட்பார்கள்.

வாயை மூடிக்கொள்வது

கூட யாராவது பார்க்கிறார்கள் என்றால், குறிப்பாகப் பிள்ளைகள், “அந்த யானை தெரியுதா?” என்று கேட்டுவிடாதீர்கள். கேட்டால் யானை தெரியும். அதற்கப்புறம் ஏழேழு ஜென்மத்துக்கும் யானைதான்.

எங்கள் ஊர் யானைமலையே இதற்குச் சாட்சி. மேலூர் போகிற பஸ்ஸில் ஒத்தக்கடை நெருங்கும்போது துதிக்கையை நீட்டிப் படுத்திருக்கிற யானை அப்படியே தெரியும். இறங்கி அடிவாரத்துக்குப் போனால் ஒரு பெரிய வழுக்குப் பாறை. அங்கே சமண முனிவர்களின் படுகைகளும் தீர்த்தங்கரர் சிற்பங்களும் இருக்கின்றன, பாண்டியர் காலத்து நரசிங்கப் பெருமாள் குடைவரையும் இருக்கிறது. ஆனால் ஊர் வாயில் நிற்பது மதுரையை அழிக்கச் சமணர்கள் ஏவிய யானை இறைவனின் அம்பு பட்டுக் கல்லானது என்கிற புராணம்தான். அதே கதையில் ஏவிய பாம்பு நாகமலை, ஏவிய பசு பசுமலை. பசுமலையில் பசுவைத் தேடிக் களைத்தவர்களை எனக்குத் தெரியும். ஆனாலும் பேரும் கதையும் ஒட்டிக்கொண்ட பிறகு யானைமலையை ஒரு முதலையாகவோ கவிழ்ந்த படகாகவோ பார்க்க மதுரைக்காரனால் முடியாது. வெளியூர்க்காரர் யாராவது வந்தால், பேரைச் சொல்லாமல் அழைத்துப் போய் என்ன தெரிகிறது என்று கேட்டுப் பாருங்கள்.

என் பேத்தி ஒரு நாள் மாடிச் சுவரைக் காட்டி, “தாத்தா, அங்க ஒரு அப்பத்தா குனிஞ்சு கோலம் போடுது” என்றாள். எனக்கு அது நாய்த்தலையாக இருந்து பல வருஷமாகிறது. நாய் என்று சொல்லவில்லை.

“அப்படியா? கோலமாவு எங்கே வச்சிருக்காங்கம்மா?”

“இந்தா, கிண்ணம்.” உதிர்ந்து தொங்கிய ஒரு சுண்ணாம்புப் பொருக்கைத் தொட்டுக் காட்டினாள்.

“சேலை என்ன கலரு?”

“கண்டாங்கி தாத்தா. கட்டம் போட்டது.” காரை விரிசல்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடிய இடம். கட்டம்தான்.

கேள்வி இப்படித்தான் இருக்க வேண்டும்: எங்கே, என்ன நிறம், பக்கத்தில் யார், எந்தப் பக்கம் பார்க்கிறார். ஒவ்வொரு பதிலுக்கும் பிள்ளை சுவரை மறுபடி பார்த்தாக வேண்டும். அதுதான் நமக்கு வேண்டியது. தனியாகப் பார்க்கும்போது இதே கேள்விகளை நமக்கு நாமே கேட்டுக்கொள்ளலாம்.

மரத்துக் கணுவில் பிள்ளையார் தெரிந்து மஞ்சள் துணி கட்டிவிட்டார்கள் என்று செய்தி வந்தால் என் நண்பர்கள் சிலர் கேலி செய்வார்கள். எனக்குக் கேலி வருவதில்லை. 2004-இல் அமெரிக்காவில், வாட்டிய சீஸ் ரொட்டி ஒன்றில் மேரி மாதா முகம் தெரிந்தது என்று இணைய ஏலத்தில் 28,000 டாலருக்குப் போனது. நம் ஊரில் மஞ்சள் துணியும் ரெண்டு கற்பூரமும்தான் செலவு.

காகிதத்துக்குக் கொண்டுவருவது

இங்கேதான் பலர் கெடுத்துக்கொள்கிறார்கள். தெரிந்த சந்தோஷத்தில் கண், மூக்கு, மீசை என்று எல்லாவற்றையும் போட்டு, கறையின் மேல் ஒரு கார்ட்டூனை ஒட்டிவிடுவார்கள்.

என் முறை இது. கறையைப் போனில் நேராகப் படம் எடுத்து, ஏ4 தாளில் வெளிறலாகப் பிரின்ட் போட்டுக்கொள்ளுங்கள். அதன்மேல் டிரேசிங் தாளை வைத்து ஜெம் கிளிப் மாட்டுங்கள். 2பி பென்சில் போதும். முதலில் எதையும் பேர் சொல்லாமல், எந்த இடம் அடர்த்தியோ அதை மட்டும் பட்டையாகத் தேயுங்கள். கோடு வேண்டாம். அப்புறம் டிரேசிங் தாளைப் பிரின்ட்டிலிருந்து எடுத்து, வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பாருங்கள். சுவர் போய்விட்டது, திட்டுகள் மட்டும் இருக்கின்றன. இப்போது எது வருகிறதோ அதற்கு நாலைந்து கோடு மட்டும் கொடுங்கள். முதுகு வளைவு, கழுத்துத் திருப்பம், கால் ஊன்றிய இடம். அவ்வளவுதான்.

கண்ணைக் கடைசியில் வையுங்கள். கோயில் சிலையில் ஸ்தபதிகள் எல்லா வேலையும் முடித்துவிட்டுத்தான் கண் திறப்பார்கள். சாஸ்திரக் காரணம் அவர்களுக்கு இருக்கும். என் காரணம் எளிது: ஒரு புள்ளியைக் கண் என்று வைத்துவிட்டால் அந்தத் திட்டு அதற்கப்புறம் வேறெதுவாகவும் மாறச் சம்மதிக்காது. கண் வைக்காதவரை அது அப்பத்தாவாகவும் இருக்கலாம், நாயாகவும் இருக்கலாம், சும்மாடு வைத்த பெண்ணாகவும் இருக்கலாம். அந்த இழுபறியைக் கூடுமானவரை நீட்டுங்கள்.

லியனார்டோ டா வின்சியும் மாணவர்களைக் கறை படிந்த சுவர்களைப் பார்க்கச் சொன்னவர்தான். மலை, ஆறு, மரம், போர்க்களம், விநோத முகங்கள் எல்லாம் அங்கே கிடைக்கும், மணியோசையில் நாம் நினைக்கிற பேரெல்லாம் கேட்கிற மாதிரி என்று குறிப்பு எழுதியிருக்கிறார். ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து தண்டவாளச் சத்தத்தில் பாட்டுக் கேட்டவர்களுக்கு இது புரியும். ஆனால் அதே லியனார்டோ, தன் காலத்து ஓவியர் போட்டிச்செல்லியைப் பற்றி ஒரு குத்தலும் வைத்திருக்கிறார். சாயம் தோய்த்த ஸ்பாஞ்சைச் சுவரில் எறிந்தால் விழுகிற கறையிலேயே ஒரு நிலக்காட்சி இருக்கிறது, அதற்கு ஏன் மெனக்கெட வேண்டும் என்று போட்டிச்செல்லி சொன்னாராம். கறை யோசனை கொடுக்கும், ஆனால் எதையும் முடிக்கக் கற்றுக்கொடுக்காது. அந்த ஓவியரின் நிலக்காட்சிகள் படுசுமார் என்று முடிக்கிறார் லியனார்டோ. நான் இதை வகுப்பில் சொல்லாத வருஷம் இல்லை. குனிந்த கிழவியைக் கறை காட்டும். குனியும்போது இடுப்பு எங்கே மடங்கும், சேலைக் கொசுவம் எங்கே விழும் என்பதை வாசலில் உண்மையிலேயே கோலம் போடுகிற ஒருத்தரைப் பார்த்துத்தான் கற்க வேண்டும்.

சுவர் இல்லாதவர்களுக்கு

புது ஃபிளாட்டில் கறைக்கு வழியில்லை என்கிறவர்கள் தாங்களே போட்டுக்கொள்ளலாம். அலெக்ஸாண்டர் கோசன்ஸ் என்ற ஆங்கில ஓவியர் 1785-இல் இதற்கென்றே ஒரு முறையை எழுதி வெளியிட்டார்: மனசில் ஒரு நிலக்காட்சியை மங்கலாக நினைத்துக்கொண்டு, மையால் வேகமாகத் திட்டுத் திட்டாகப் போட வேண்டும், பிறகு அதன்மேல் மெல்லிய தாளை வைத்துப் படத்தைத் தேடி எடுக்க வேண்டும்.

மைக்குப் பதில் ஃபில்டர் காபி டிகாக்ஷன் எனக்குப் பிடித்தது. முதல் டிகாக்ஷன்தான், இரண்டாவது தண்ணி. பாலோ சர்க்கரையோ கலந்த மிச்சக் காபியை எடுத்தால் மறுநாள் படத்தை எறும்பு பார்க்கும். கார்ட்ரிட்ஜ் தாளில், அதாவது கெட்டியான டிராயிங் தாளில், பழைய பஞ்சால் அங்கங்கே ஈரப்படுத்துங்கள், முழுக்க வேண்டாம். ஒரு கரண்டி டிகாக்ஷனை நடுவில் ஊற்றித் தாளை நாலு பக்கமும் சாய்த்து ஓடவிடுங்கள். ஈரமான இடத்தில் பரவும், காய்ந்த இடத்தில் முட்டி நிற்கும். அப்புறம் தொடாமல் ஃபேனுக்கு அடியில் சமமாக வையுங்கள். காய்ந்ததும் பார்த்தால் ஒவ்வொரு திட்டின் ஓரத்திலும் பென்சிலால் வரைந்த மாதிரி ஒரு கருங்கோடு இருக்கும். ஓரத்தில் ஈரம் சீக்கிரம் ஆவியாவதால் உள்ளே இருக்கிற நீர் காபித் துகள்களை இழுத்துக்கொண்டு ஓரத்துக்கு ஓடுகிறது. மேஜையில் சிந்திய காபித் துளி காய்ந்தால் ஓரத்தில் வளையம் விழுவதும் இதே காரணத்தால்தான். வெளிக்கோடு இனாமாகக் கிடைக்கிறது. நம் வேலை, அதில் எதை வைத்துக்கொள்வது என்பது மட்டும்.

தாளை நடுவில் மடித்து அழுத்தாதீர்கள். பள்ளிக்கூடங்களில் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள், பிள்ளைகளும் ரசிக்கிறார்கள், ஆனால் மடித்தால் எப்போதும் பட்டாம்பூச்சி, வௌவால், முகமூடி மூன்றும்தான் வரும். மைத்திட்டில் என்ன தெரிகிறது என்று கேட்டு மனசை ஆராயலாம் என்று 1921-இல் பத்து அட்டைகளை வெளியிட்ட சுவிட்சர்லாந்து மருத்துவர் ஹெர்மன் ரோர்ஷாக் எடுத்துக்கொண்டது மடித்த திட்டுகளைத்தான். பள்ளியில் அவருக்கு மைத்திட்டு என்றே பட்டப்பெயர் இருந்ததாம். மறு வருஷமே, 37 வயதில் இறந்துபோனார். அவர் வேலை வேறு, எல்லோரும் ஒரே அட்டையைப் பார்த்து என்ன சொல்கிறார்கள் என்பது அவருக்கு வேண்டியிருந்தது.

ராத்திரி நேரம்

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது நூற்றுக்கு நூறு உண்மை. கொடியில் தொங்குகிற சட்டை ஆளாகத் தெரிந்து பிள்ளை பயந்தால், “ஒண்ணுமில்ல, தூங்கு” என்று சொல்லிப் பயனில்லை. விளக்கைப் போட்டு, அந்தச் சட்டையைப் பிள்ளையையே எடுத்து இடம் மாற்றி மாட்டச் சொல்லுங்கள். விளக்கை அணைத்து மறுபடி பார்க்கட்டும். ஆள் போய் வேறு ஏதாவது வந்திருக்கும். அது என்ன என்று கேளுங்கள்.

பெரியவர்கள் விஷயம் வேறு. திரைச்சீலை மடிப்பில் யாரோ நிற்பதாக ஒரு முதியவர் தினமும் சொல்லி, விளக்கைப் போட்டுக் காட்டினாலும் ஒப்புக்கொள்ளாவிட்டால் அதை விளையாட்டாக எடுக்கக் கூடாது. லூயி பாடி என்கிற மறதி நோயில் இப்படித் தெரிவது ஒரு முக்கிய அறிகுறி, இதற்கென்று படங்களை வைத்துச் சோதனையே செய்கிறார்கள். நரம்பியல் மருத்துவரிடம் இந்த விவரத்தைச் சொல்லுங்கள்.

ஓதச் சுவரில் பழகுகிறவர்களுக்கு இன்னொன்று. ஓதம் ஒரே இடத்தில் நிற்காது, மழைக்கு மழை விளிம்பு நகரும். ஆகவே படம் எடுக்கும்போது ஓரத்தில் தேதி எழுதிய சீட்டு ஒன்றை ஒட்டிக்கொள்ளுங்கள். எல்லாப் பக்கமும் எடுத்து முடித்ததும் தள்ளிப்போடாமல் கொத்தனாரைக் கூப்பிட்டுக் குழாய்க் கசிவைப் பாருங்கள். விட்டால் உள்ளே கம்பி துருப்பிடித்து ஊதி, காரை பாளம் பாளமாகத் தலையில் விழும்.